பேஸ் நின்ற நான்கு சுற்று

கோயில்பிள்ளைக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசைப்படி இவை.

முதலாவது: மெல்லிசைக் குழுவில் அவர் சேர்ந்த ஆண்டு அச்சடித்த சுவரொட்டியில் எல்லோர் பெயரும் இருந்தது. அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'மற்றும் குழுவினர்' என்று இருந்தது.

இரண்டாவது: மறு ஆண்டு ஒரு கல்யாண மண்டபத்தில், பாத்திரமெல்லாம் அதிர்கிறது என்று சமையல்காரர் வந்து சொன்னார். ஒலிபெருக்கிக்காரர் பேஸ் கிட்டாரின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் தான் வாசித்தது யார் காதுக்கும் போகவில்லை என்பது, ஒயரைச் சுருட்டும்போதுதான் கோயில்பிள்ளைக்குத் தெரிந்தது.

மூன்றாவது: மேடையில் இடம் போதவில்லை என்று அவரை மட்டும் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

நான்காவது: கீபோர்டின் இடது பக்கத்திலேயே பேஸ் வருகிறது என்று சொல்லி ஒரு மழைக்காலம் முழுக்க அவரை அழைக்கவில்லை. பிறகு அழைத்தார்கள். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஐந்தாவது: போன தையில் மேடையில் கலைஞர்களை அறிமுகம் செய்தபோது, ஜெனரேட்டர் ஓட்டியவரின் பெயரைக்கூட அறிவிப்பாளர் சொன்னார். கோயில்பிள்ளை எழுந்து நிற்பதற்காக கிட்டார் வாரைச் சரிசெய்துகொண்டார். அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

இருபத்திரண்டு ஆண்டுகளில் ஐந்து. இவையெல்லாம் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் இதில் ஒன்றைக்கூட அனுபவித்திருக்க மாட்டார்கள்.

கோயில்பிள்ளை பகலில் தூத்துக்குடி நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர். மாலையில், விழா இருந்தால், பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரத்தில் ஓடும் பேஸ் கிட்டார். நாற்பத்தெட்டு வயது. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஜெசிந்தா அவரைவிட ஏழு வயது இளையவர். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. பதினைந்து வயதிலிருந்து மாதா கோயில் பாடகர் குழுவுக்கு பேஸ் வாசிப்பவர். அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை டீச்சர் என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில்பிள்ளை டீச்சர் வீட்டுக்குப் போனார். அடுப்பில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன டீச்சர், நூடுல்ஸா?"

"கிட்டார் கம்பி அண்ணே. வெந்நீர்ல போட்டா அழுக்கு விட்டுரும். இன்னும் ரெண்டு மாசம் பேசும்."

"புதுசு வாங்கலாம்லா?"

"வாங்கலாம். நீங்க என்ன வாங்கணும்னு வந்தீங்க?"

கோயில்பிள்ளை சிரித்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"மூணு எழுதியிருக்கேன். ஒண்ணுதான் முடியும். எதுன்னு நீங்க சொல்லணும். முதல்ல, அஞ்சு கம்பி பேஸ். இன்னும் கீழே போகும்."

"கீழே போய்?"

"சரி, அது வேண்டாம். ரெண்டாவது, பதினஞ்சு இஞ்ச் ஸ்பீக்கர் வச்ச ஆம்ப்ளிஃபயர். சொந்தமா கொண்டுபோய் வச்சிட்டா சவுண்டுக்காரன் தயவு தேவையில்லை."

"தூக்கி இறக்க ஆள் தேவை. அடுத்தது?"

"ட்யூனர் பெடல்."

"உங்களுக்கு எதுக்கு? நல்ல காதுலா."

கோயில்பிள்ளை குரலைத் தணித்தார்.

"காலால மிதிச்சா சத்தம் நின்னுரும் டீச்சர். நாம சுருதி சேக்கிறது ஜனங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கான். எனக்கு அந்த நிக்கிறது போதும்."

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"வர்ற மாதா திருவிழாவில, நல்ல பாட்டா பாத்து, நடுவுல நிறுத்தப் போறேன். வாசிக்கும்போது கேக்காத காது, நிறுத்தினாலாவது கேக்கட்டும். மில்லுலயும் அப்படித்தான். மெஷின் ஓடுதவரைக்கும் நாங்க யாருன்னு மேனேஜருக்குத் தெரியாது. ஸ்ட்ரைக்னு நிறுத்தின மறுநாள் ஒவ்வொருத்தர் பேரையும் எழுதிக்கிட்டு வந்து உக்காந்து பேசினாரு."

டீச்சர் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு தன் பேஸை எடுத்து மடியில் வைத்தார்.

"ஒரு பாட்டு பாடுங்க அண்ணே."

"நானா? பக்கத்து வீட்டுல சண்டைக்கு வருவாங்க."

"பூசையில பாடுத பாட்டு எதையாவது பாடுங்க."

கோயில்பிள்ளை பாடினார். டீச்சர் கீழே இருந்து தாங்கி வாசித்தார். பாட்டு நன்றாகவே இருந்தது. மூன்றாவது அடியில் டீச்சர் கையை எடுத்துவிட்டார். கோயில்பிள்ளை இரண்டு அடி பாடினார். குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கையைத் தட்டினார்.

"பாத்தீங்களா! இதைத்தான் நானும் சொல்லுதேன். பேஸ் நின்னா விழுந்துரும்."

"விழுந்தது யாரு அண்ணே?"

"பாட்டு."

டீச்சர் அடுப்புப் பக்கம் திரும்பினார். இடுக்கியால் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு துண்டின் மேல் பரப்பினார்.

கோயில்பிள்ளை பெடல் வாங்கினார்.

திருவிழா கடலோர ஊர் ஒன்றில். நிகழ்ச்சி மாலை ஆறரைக்கு. மேடைக்குப் பின்னால் அவர் ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது ரெஜினாள் வந்தாள். இறால் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். அன்றுதான் முதல் மேடை. கீபோர்டு வாசிக்கும் குழுத் தலைவர் டென்சில், மூன்று மாதம் யோசித்து அவளுக்கு ஒரே ஒரு பாட்டு கொடுத்திருந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டாவது சரணத்துக்கு முன்னால கீபோர்டு நின்னுருமாம்லா? டென்சில் அண்ணன் டோன் மாத்துவாங்களாம். நாலு சுத்து வெறும் தாளம்தானா?"

"தாளமும் பேஸும்."

"அப்ப உங்களைப் பிடிச்சுத்தான் நான் சுருதி எடுக்கணும்."

"ம்."

"கேக்கும்லா?"

கோயில்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"கேக்கும்" என்றார்.

"அப்ப சரி. நான் குக்கர் விசில்லயே சுருதி பிடிக்கிற ஆளு" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள்.

நிறுத்துவதற்கு அவர் குறித்து வைத்திருந்ததும் அந்த நான்கு சுற்றுதான். வேறு இடம் பார்க்கலாம் என்று அப்போது நினைத்தார். நிறுத்தவே வேண்டாம் என்றும் நினைத்தார்.

நான்காவது பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் கலைஞர்களை அறிமுகம் செய்தார். டிரம்ஸ், தபலா, கிட்டார், புல்லாங்குழல். ஒவ்வொருவரும் எழுந்து கொஞ்சம் வாசித்தார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். கீபோர்டு, குழுவின் தலைவர் டென்சில். பெரிய கைதட்டல். "அடுத்து, உங்களுக்காக முதன்முறையாக மேடையேறும்..." என்று ரெஜினாளின் பெயரைச் சொன்னார்.

அது ஆறாவது.

பாட்டு தொடங்கியது. பெண் நன்றாகப் பாடினாள். பல்லவிக்கே முன்வரிசையில் பேச்சு நின்றது. முதல் சரணம் முடிந்தது. டென்சில் கீபோர்டிலிருந்து கையை எடுத்து, குனிந்து பொத்தானைத் தேடினார்.

கோயில்பிள்ளை மிதித்தார்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. வெறும் தாளம் போய்க்கொண்டிருந்தது. ரெஜினாள் மைக்கைப் பிடித்தபடி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் விரல்கள் கம்பிமேல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவள் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு இன்னும் கூர்ந்து கேட்டாள். மூன்று சுற்று. நான்கு.

அவள் ஏதோ ஒரு சுருதியில் எடுத்தாள். கீபோர்டு வேறொரு சுருதியில் வந்து சேர்ந்தது. கோயில்பிள்ளை மறுபடி மிதித்தார், பேஸ் வந்தது. ஆனால் அவள் அதற்குள் எங்கோ போயிருந்தாள். "எக்கா, இறங்குங்க, பஸ்ஸு போயிரும்!" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. சரணம் முழுவதையும் அந்தச் சிரிப்புக்குள்ளேயே பாடி முடித்துவிட்டு அவள் மேடையை விட்டு இறங்கினாள்.

டென்சில் முறைத்தது அவளைத்தான்.

இடைவேளையில் கோயில்பிள்ளை இறங்கி டீச்சரைத் தேடினார். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை டீச்சர்."

"ஒரு ஆள் திரும்பிச்சே" என்றார் டீச்சர்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மெல்லிசைக் கலைஞர் சங்கத்தின் கூட்டம். அறை சிறியது, நாற்பது பேர் நெருக்கி உட்காரலாம். ஆனாலும் அங்கே மைக் இல்லாமல் யாரும் பேச மாட்டார்கள்.

டென்சில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சுருதி தெரியாதவர்களை மேடையேற்றினால் எல்லாக் குழுவுக்கும் கெட்ட பெயர். ஆகவே ரெஜினாளை எந்தக் குழுவும் இனி அழைக்கக் கூடாது.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது, கேளுங்க" என்றார் செயலாளர்.

ரெஜினாள் வாசல் பக்கம் நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் கம்பெனியில் அரை நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தாள்.

"எனக்கு அன்னைக்கு பேஸ் கேக்கலை" என்றாள். "கடல் காத்தா இருக்கும்."

"பேஸ் என்னைக்குவே கேட்டிருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

அறை முழுக்கச் சிரித்தது. டென்சிலும் சிரித்தார். "என்னவே கோயிலு, அன்னைக்கு வாசிச்சேரா, தூங்கினேரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளைச் செயலாளரிடம் நீட்டினார்.

இத்தனை காலம் அவரைச் சுட்ட அந்தச் சிரிப்பு இன்று அவரை மறைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் அவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம்.

ரெஜினாள் சிரிக்கவில்லை. அவள் யாரையும் பார்க்கவும் இல்லை.

கோயில்பிள்ளை, துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் மெதுவாகப் பேசினார்.

"சொன்னா என்னை வச்சிக்கிட மாட்டாங்க டீச்சர்."

"மாட்டாங்க."

"வேற குழுவும் கூப்பிடாது."

"கூப்பிடாது அண்ணே."

"ஒரே ஒரு தடவை டீச்சர். ஜனங்க இருக்கும்போது, மைக்குல, என் பேரு. அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். மேடையில ஒவ்வொரு தடவையும் வாரை இறுக்கிக்கிட்டு நிப்பேன். இப்ப வரும், இப்ப வரும்னு."

"தெரியும். நான் கீழே உக்காந்து பாத்திருக்கேன்."

செயலாளர் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார். சில கைகள் உயர்ந்தன.

கோயில்பிள்ளை எழுந்தார். மறுபடி டீச்சர் பக்கம் குனிந்தார்.

"போய் என்னன்னு சொல்ல?"

டீச்சர் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"அறிவிப்பாளர் எப்படிச் சொல்லணும்னு ஆசைப்பட்டீங்களோ, அப்படியே சொல்லுங்க."

கோயில்பிள்ளை நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனார். செயலாளர் கையிலிருந்த தீர்மானத் தாளை வாங்கினார். மேசையில் இருந்த பேனாவால் அதில் ரெஜினாளின் பெயரை அடித்து, மேலே ஒரு வரி எழுதினார். மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டு, உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நிற்க, எழுதியதைப் படித்தார்.

"மாதா திருவிழா மேடையில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால், வேண்டுமென்றே நான்கு சுற்று நிறுத்தியவர்... பேஸ் கிட்டார், கோயில்பிள்ளை."