ஒரு சொட்டு வழிச்செலவு

வேங்கை மரத்துத் தேன்கூட்டில் அன்று விடிந்ததிலிருந்தே ஒரே கூச்சல்! நிழலுக்குப் படுத்திருந்த மான்கூட, "இதென்னடா தொல்லை!" என்று எழுந்து வேறு மரம் தேடிப் போய்விட்டது. அத்தனை சண்டை!

சண்டை எதற்கு? பூ மாநாட்டுக்கு யார் போவது என்பதற்குத்தான்.

வருஷா வருஷம் சித்திரையில் யானைப்பாறையில் பூ மாநாடு நடக்கும். காட்டிலுள்ள எல்லாக் கூட்டுத் தேனீக்களும் அங்கே கூடும். இந்தக் கூட்டிலிருந்து ஆண் தேனீக்கள்தான் போவது வழக்கம். ஒருவர் இருவர் இல்லை, நாற்பது பேர்! வழிச்செலவுக்கு ஆளுக்கு ஐந்து சொட்டுத் தேன். அங்கே மூன்று நாள் விருந்து. திரும்பும்போது கழுத்தில் மகரந்த மாலை! வந்த பிறகு ஒரு வாரம் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "அடடா, என்ன பந்தல்! என்ன உபசாரம்!" என்று அளப்பார்கள். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பூத்துக் குலுங்கிய காலத்தில் அதை யார் பெரிதாக நினைத்தார்கள்?

இந்த வருஷம் கதையே வேறு. மழை ஏமாற்றிவிட்டது. புங்கையில் பூ இல்லை, வேம்பில் பூ இல்லை. கூட்டில் மிச்சம் இருந்தது அரை அடைத் தேன். தொட்டில் அறைகளிலோ முந்நூறு குஞ்சுகள், வாயைத் திறந்தபடி!

தேன் அறைக்குக் காவல் சிட்டிகை என்ற தேனீ. கேட்டதில் பாதியைத்தான் கொடுப்பாள், அதையும் முறைத்துக்கொண்டே கொடுப்பாள். அவள் ராணித் தேனீயின் முன் வந்து நின்றாள்.

"ராணியம்மா! இருக்கிற தேன் குஞ்சுகளுக்கு நாலு நாளைக்குத்தான் வரும். இந்த வருஷம் மாநாட்டுக்கு ஒருத்தரும் போகக் கூடாது!"

ஆண் தேனீக்களின் தலைவன் கம்பீரன் துள்ளி எழுந்தான். "என்ன பேச்சு பேசுறே! நாற்பது பேரும் போயே ஆகணும்! போகலைன்னா மத்த கூட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? வேங்கைமரக் கூடு நொடிச்சுப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்களா? நம்ம மானம் என்னாகிறது?"

"உன் மானத்தைப் பிழிஞ்சா தேன் வருமா?" என்று கேட்டாள் சிட்டிகை.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "போகணும்!" என்று ஒரு பக்கம். "போகக் கூடாது!" என்று மறுபக்கம். ராணியம்மாவுக்குத் தலை சுற்றியது.

அப்போது பூ தேடிப் போகும் தேனீக்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். பெயர் துடுக்கி. பெயருக்கு ஏற்ற ஆள்தான்.

"கம்பீரண்ணா, ஒரே ஒரு கேள்வி. போன வருஷ மாநாட்டில் பூ எங்கே இருக்குன்னு சொன்னாங்க?"

கம்பீரன் கொஞ்சம் விழித்தான். "அதுவா... வாயால் எங்கே சொன்னாங்க? ஆடித்தானே காட்டினாங்க! பிரமாதமா ஆடினாங்க. நான்கூட இறக்கையைத் தட்டினேன்!"

"சரி, அந்த ஆட்டத்துக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமா?" என்றான் கம்பீரன். பக்கத்தில் இருந்த ஆண் தேனீயைப் பார்த்தான். அவன் அடுத்தவனைப் பார்த்தான்.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, தேனீக்கள் பூ இருக்கும் இடத்தை ஆடித்தான் சொல்லும். திரும்புகிற பக்கம் திசையைக் காட்டும். இடுப்பை எவ்வளவு நேரம் ஆட்டுகிறதோ, அவ்வளவு தூரம். பூ தேடிப் போகிற தேனீக்களுக்குத்தான் அது புரியும். ஆண் தேனீக்கள் என்றைக்குப் பூ தேடிப் போனார்கள்? ஆக, சேதி கேட்கிற இடத்துக்கு, சேதி புரியாதவர்களையே நாற்பது நாற்பதாக அனுப்பியிருக்கிறது இந்தக் கூடு! அதுவும் எத்தனை வருஷமாக! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல! வாசலிலேயே பூ கிடந்தபோது யாரும் சேதி கேட்கவில்லை. அதனால் யாருக்கும் உறைக்கவும் இல்லை.

கூடே 'கொல்' என்று சிரித்தது. சிட்டிகை மட்டும் சிரிக்கவில்லை.

"பாத்தீங்களா! அதனாலதான் சொல்றேன், மாநாடே வேண்டாம்!"

"இல்லக்கா! மாநாட்டு மேல தப்பில்லை. ஆளை மாத்தி அனுப்பிட்டோம். பக்கத்துல பூ இல்லைன்னா தூரத்துல எங்கேயாவது இருக்கும். அதைத் தெரிஞ்சவங்க அங்கேதான் வருவாங்க. என்னை அனுப்பு! ஒரு சொட்டு போதும்!" என்றாள் துடுக்கி.

"ஒரு சொட்டா? அது ஒரு குஞ்சுக்கு ஒரு நாள் சாப்பாடுடீ! நீ வெறுங்கையோட வந்தா அந்தக் குஞ்சுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இதுவும் நியாயம்தானே? துடுக்கிக்கும் அது புரிந்தது.

"குஞ்சோட பங்கு வேண்டாம்க்கா. என் மூணு நாள் பங்கைச் சேர்த்து ஒரு சொட்டா இப்பவே குடு. திரும்பி வர்ற வரைக்கும் உன்கிட்ட எதுவும் கேட்க மாட்டேன்."

சிட்டிகை அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். ஒரு சொட்டுத் தேன் எடுத்து வந்து கொடுத்தாள். இந்த முறை முறைக்கவில்லை.

"கம்பீரண்ணா, நீங்களும் உங்க பங்கை எடுத்துக்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள் துடுக்கி.

"நானா? விருந்து இருக்கும், ஆனா வழியில... எனக்கு ரெண்டு நாளா முதுகு வலி!" என்று கம்பீரன் நழுவிவிட்டான்.

விர்ர்ரென்று பறந்தாள் துடுக்கி! காய்ந்த ஓடை, கருகிய புல், மொட்டை மரங்கள். மறுநாள் காலை யானைப்பாறை தெரிந்தது!

பந்தல் அங்கே ஜோராகத்தான் இருந்தது. நிழலில் பல கூட்டு ஆண் தேனீக்கள் தின்றுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். துடுக்கி அந்தப் பக்கமே போகவில்லை. பாறையின் மறுபக்கம் நாலைந்து தேனீக்கள் வட்டமாக நின்றன. நடுவில் கிழக்குக் கூட்டுத் தேனீ ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள்.

அடேயப்பா! துடுக்கிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு குன்று தாண்டி, வற்றிப்போன ஆற்றங்கரையில், மருத மரங்கள் பூத்திருக்கின்றனவாம்! ஒன்றிரண்டு இல்லை, தோப்பே பூத்திருக்கிறதாம்!

"இன்னொரு தடவை ஆடுங்கக்கா!" என்று கெஞ்சினாள்.

"ஆடுறேன். நீ என்ன சேதி கொண்டு வந்தே?"

துடுக்கி யோசித்தாள். "எங்க வேங்கை மரத்துக்குப் பின்னால பாறை இடுக்குல தண்ணி கசியுது. இன்னும் வத்தலை!" என்று சொல்லி, ஆடியும் காட்டினாள்.

"தண்ணியா!" கிழக்குக் கூட்டுத் தேனீக்கள் குதித்தன. தண்ணீர் இல்லாமல்தான் அவர்கள் கூடு தவித்துக்கொண்டிருந்தது.

விருந்துக்குக் கூப்பிட்டார்கள். மாலை போட வந்தார்கள். "நேரமில்லை!" என்று கிளம்பிவிட்டாள் துடுக்கி. நேராக ஆற்றங்கரைக்குப் போய் மருதம்பூவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

இங்கே கூட்டில் மூன்றாம் நாள் மத்தியானம். சிட்டிகை தேனடையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மிச்சத்தை இழுத்துப் பிடிக்க அரைப் பங்குதான் ஊட்டியதால், குஞ்சுகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. "அனுப்பியிருக்கவே கூடாது! எங்கே விழுந்து கிடக்கிறாளோ!" என்று அவள் புலம்பும்போதே, வாசலில் பொத்தென்று ஏதோ விழுந்தது.

துடுக்கி! கால் இரண்டிலும் வெளிர்மஞ்சள் மகரந்த மூட்டை!

"துடுக்கி வந்துட்டா! பூ இருக்கு! பூ இருக்கு!" என்று சிட்டிகை போட்ட சத்தத்தில் கூடே அதிர்ந்தது.

துடுக்கி எழுந்து ஆடினாள். கால் தள்ளாடியது, ஆனால் ஓர் அடிகூடப் பிசகவில்லை. பார்த்த அத்தனை பேரும் ஆற்றங்கரைக்குப் பறந்தார்கள்!

சிட்டிகை வாசலை விட்டு நகரவில்லை. மறுநாள் வெயில் சாயும்போது முதல் தேனீ வயிறு நிறையத் தேனோடு வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பத்து, நூறு, ஐந்நூறு! சிட்டிகை தேனை வாங்கிக்கொண்டு தொட்டில் அறைகளுக்கு ஓடினாள். ஒரு குஞ்சு, இரண்டு குஞ்சு, முந்நூறு குஞ்சு! ஒன்றைக்கூட விடாமல் ஊட்டினாள். ஊட்டும்போதே அழுதாள்.

கடைசிக் குஞ்சுக்கும் ஊட்டிவிட்டு ராணியம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, நான் வாசலையே அடைக்கப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு இந்தக் குஞ்சுங்க இல்லை. இனிமே மாநாட்டுக்குப் பூ தேடுறவங்கதான் போகணும். அதுவும் ரெண்டு பேர் போகட்டும்! ஒருத்திக்கு இறக்கை ஒடிஞ்சாலும் இன்னொருத்தி சேதி கொண்டு வருவா. வழிச்செலவு நான் தர்றேன்!"

நெருக்கடி காலத்தில் வீண் ஆடம்பரத்தை வெட்டுங்கள். நல்ல சேதி வருகிற வழியையும் சேர்த்து வெட்டினால் வீடே பட்டினி கிடக்கும்.