தலைவர் தோள் துண்டு

குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வருகிறது என்று தெருவே கூடி மறித்ததும், பேரூராட்சித் தலைவர் அழகுசுந்தரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தொட்டியில தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. அழுக்கெல்லாம் உங்க குடத்துல, நீங்க குழாய் வாயில கட்டுற கந்தல்துணியில! குழாயைத் தோண்டாம, குடத்தைக் காட்டாம, அழுக்கு குழாயிலதான்னு நிரூபிங்க பார்ப்போம். இல்லேன்னா இந்தத் தெருவுக்கே தண்ணியை நிறுத்திடுவேன்."

இட்லிக்கடை செல்லக்கனி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"வாஸ்தவம்தான் தலைவரே, எங்க துணியெல்லாம் கந்தல்தான். உங்க தோள் துண்டைக் குடுங்க. ஊருலேயே அதைவிட வெள்ளை எது?"

உச்சி குளிர்ந்துபோன தலைவர், கஞ்சி போட்ட துண்டை உருவிக் கொடுத்தார். அவள் அதைக் குழாய் வாயில் இறுக்கிக் கட்டினாள்.

"உங்க தண்ணியாச்சே, கொஞ்சமாவா விடுறது? முழுசாத் திறக்கச் சொல்லுங்க!"

"முழுசாத் திறடா!" என்று வால்வுக்காரனுக்குக் குரல் கொடுத்தார் தலைவர்.

குழாயின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்த துருவும் வண்டலும் அந்த வேகத்தில் கிளம்பி வந்தன. வெள்ளைத் துண்டு காவியாகி, சேறாகித் தொங்கியது.

செல்லக்கனி அதை அவிழ்த்து, பிழியாமலே, பணிவாக அவர் தோளில் போட்டாள்.

"இப்பச் சொல்லுங்க தலைவரே. அழுக்கு குழாயிலயா, உங்க துண்டுலயா?"

துண்டை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வருமா?

"குழாயிலதான்" என்றார் தலைவர், சட்டையெல்லாம் சேறு வழிய.