திட்டிய நாக்கு

சமையற்காரன் சிங்காரம் கடைசியாக அவரை உயிரோடு பார்த்தபோது, ஜமீன்தாரின் மாமனார் ரசத்தில் உப்பில்லையென்று திட்டிக்கொண்டே இரண்டாம் முறையும் ரசம் கேட்டுக் குடித்தார். சற்று நேரத்தில் கட்டிலில் பிணமாகக் கிடந்தார்.

"ரசத்தில் விஷம்!" என்றார் அரண்மனை வைத்தியர். "பட்ட மாத்திரத்தில் நாக்கு மரத்துவிடும். ஒரு சொல் வராது. அடுத்து மூச்சு அடைத்துவிடும். இவனைத் தூக்கில் போட வேண்டும்!"

சிங்காரம் கும்பிட்டான்.

"அப்படியானால் என்னை அவ்வளவு நேரம் திட்டியது யாருடைய நாக்கு, எஜமான்? பெரியவர் திட்டி முடித்துத்தான் வைத்தியர் ஐயாவின் லேகியத்தைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு என்னைத் திட்டவே இல்லை."

ஜமீன்தார் லேகியக் கிண்ணத்தை வைத்தியரிடம் நீட்டினார்.

"எங்கே, ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டும்."

லேகியத்தைத் தொடுவதற்கு முன்பே வைத்தியரின் நாக்கு மரத்துப்போயிற்று.

மீதி ரசத்தை ஜமீன்தாரே உப்புப் போட்டுக் குடித்து முடித்தார். லேகியம் மட்டும் அப்படியே இருக்கிறது.