நாவல் மரத்துக் கூடு

எறும்புகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முசுறு என்று நாம் சொல்கிற சிவப்பு எறும்புகளுக்கு ஒரே நாடுதான் இருந்தது. ஒரு பெரிய மாமரம். நம்மைக் கடித்தால் உயிர் போய் உயிர் வரும், ஆனால் தங்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. எல்லோரும் ஒரு தாய் பெற்ற அக்கா தங்கைகள், பிறகென்ன! அந்தத் தாயான ராணியம்மா நடுக்கூட்டில் இருந்தாள்.

மாமரத்தின் ஒரு கிளை நீண்டுபோய்ப் பக்கத்து நாவல் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வழியாகப் போய் நாவல் மரத்திலும் ஒரு கூடு கட்டி வைத்திருந்தார்கள். அங்கே காவலுக்கு இருந்த நாற்பது பேரில் ஒருத்திதான் செம்பி.

ஒரு நாள் ஆடிக்காற்று அந்தக் கிளையை முறித்துப் போட்டது. நாவல் மரத்துக் கூட்டின் கூரையும் கிழிந்துவிட்டது. மாமரம் கண்ணெதிரே நிற்கிறது, போக வழியில்லை. நடுவே இருப்பது தரை. தரையோ கட்டெறும்புகளின் நாடு.

"யாராவது வருவாங்க. நூல் கொண்டு வருவாங்க" என்று செம்பி மற்றவர்களைத் தேற்றினாள்.

நூல் என்றால் கடையில் விற்கிற நூல் இல்லை. இலையோடு இலையை இழுத்துப் பிடிக்க முசுறுகளுக்குக் கால்கள் போதும். தைப்பதற்கு மட்டும் குஞ்சுப் புழு வேண்டும். அதன் வாயிலிருந்துதான் நூல் வரும், அது இருப்பதோ ராணியம்மாவின் மடியில். நூல் வராவிட்டால் கூரை இல்லை. கூரை இல்லாமல் மழை வந்தால் நாற்பது பேரும் தண்ணீரோடு போக வேண்டியதுதான்.

ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. ஏழு நாளாகியும் ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் காலையில் மேகம் கறுத்தது. செம்பிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. "நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்று மரத்தைவிட்டு இறங்கினாள்.

பத்து அடி வைப்பதற்குள் கட்டெறும்புகள் வளைத்துக்கொண்டன. அவற்றின் தலைவி காராத்தா முன்னால் வந்தாள்.

"எவடி நீ? எங்க மண்ணுல உனக்கென்ன வேலை?"

"மாமரத்துக்காரி, ஆத்தா. நாவல் மரத்துல இருந்து வர்றேன்."

"நல்லா இருக்கே கதை. இருக்கிறது அங்க, சொந்தம் இங்கயா? சரி, இப்ப நீ மட்டும் போ. நாவல் மரத்துல இருக்கிறது எங்க ஆளுங்கதான்னு மாமரத்துல இருந்து ஒருத்தி வந்து சொல்லட்டும். எல்லாருக்கும் வழி விடுறேன். பொழுது சாயறதுக்குள்ள யாரும் வரலன்னா நாங்க நாவல் மரத்துல ஏறிடுவோம்."

காராத்தா கேட்டது நியாயம்தானே. செம்பி ஓட்டமும் நடையுமாகப் போய் மாமரத்தில் ஏறினாள்.

அடிமரத்திலேயே தளிரி அக்கா காவலுக்கு நின்றாள். செம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தளிரி வாயைக் கத்தரி மாதிரி விரித்துக்கொண்டு குறுக்கே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். எறும்புக்குக் கண் பார்வை ஒப்புக்குத்தான். யாரையும் வாசனையை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். எட்டு நாள் பழுத்த நாவற்பழங்களுக்கு நடுவே கிடந்ததில் செம்பியின் மேலெல்லாம் அந்த வாசனைதான்.

"யாரு நீ? நாவல் வாடை அடிக்குது" என்றாள் தளிரி.

"அக்கா, நான் செம்பி."

"செம்பி உதிர்ந்துட்டா. கிளை முறிஞ்ச அன்னிக்கே ராணியம்மா சொல்லிட்டாங்க, நாவல் மரத்துல இருந்தவங்க உதிர்ந்தவங்கன்னு. நாங்க அழுது முடிச்சு ஏழு நாளாச்சு."

உதிர்ந்தவர்கள். அந்தச் சொல் செம்பியின் நெஞ்சில் தைத்தது. ஏன் யாரும் வரவில்லை என்று இப்போது புரிந்தது. உதிர்ந்த இலையைத் தேடி யார் போவார்கள்? இவர்கள் மறக்கவில்லை. ஒரு சொல்லைச் சொல்லி அழுதுவிட்டு, தேடாமல் இருந்துவிட்டார்கள்.

வாய்கள் நெருங்கி வந்தன. திரும்பி ஓடியிருந்தால் அவள் ஒருத்தியாவது பிழைத்திருப்பாள். ஓடவில்லை. எறும்புக்கு வயிறு இரண்டு. ஒன்று தனக்கு, மற்றது வீட்டாருக்கு. கிளை முறிந்த அன்று காலையில் மாமரத்தில் குடித்த தேனில் கடைசிச் சொட்டு செம்பியின் இரண்டாம் வயிற்றில் இருந்தது. பசியில் கண் இருண்டபோதும் அவள் அதைத் தொடவில்லை. கழுத்தை வெட்ட விரிந்திருந்த தளிரியின் வாய்க்குள் தன் முகத்தை வைத்து, அந்தச் சொட்டை விட்டாள்.

தளிரி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல வாயை மூடினாள்.

"இது மேக்கிளைத் தளிர்ல ஊறின தேன்" என்றாள். "அன்னிக்குக் காலையில நான் ஊட்டினதுடி இது."

அவளே செம்பியை ராணியம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"நாங்க நாற்பது பேரும் உயிரோட இருக்கோம், அம்மா. எங்களை உதிர்ந்தவங்கன்னு சொல்லாதீங்க. அந்தச் சொல்தான் எங்களைக் கொல்லப் பார்த்துச்சு" என்றாள் செம்பி.

ராணியம்மா செம்பியின் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாள். பெற்ற வயிறு எரிந்தது. "என் வாயால சொன்னதை என் வாயாலயே எடுத்துக்கிறேன். நாவல் மரம் வேற நாடு இல்ல, போன கிளையும் இல்ல. நம்ம வீட்டுலயே கொஞ்சம் தள்ளி இருக்கிற அறை. இனிமே எட்ட அறைன்னே சொல்லுங்க" என்றாள்.

தளிரியும் பத்துப் பேரும் ஆளுக்கொரு குஞ்சுப் புழுவைக் கவ்விக்கொண்டு தரையில் இறங்கினார்கள். தன் புழுவைச் செம்பியிடம் கொடுத்துவிட்டு, காராத்தாவின் முன்னால் தளிரி சொன்னாள்: "அது எங்க எட்ட அறை, ஆத்தா. இவ என் தங்கச்சி."

"அவ்வளவுதானே. நேரா போங்க, நேரா வாங்க. எங்க மண்ணுல உலாத்தாதீங்க" என்று காராத்தா ஒதுங்கி நின்றாள்.

கடைசி இலையைத் தைத்து முடிக்கவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. கூரை ஒழுகவில்லை.

அன்றிலிருந்துதான் முசுறுகள் பல மரங்களில் கூடு கட்டி, எல்லாவற்றையும் ஒரே வீடாக வைத்து வாழ்கின்றன. அன்றிலிருந்துதான் எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள், எவ்வளவு அவசரமானாலும், ஒரு நொடி நின்று முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துவிட்டுப் போகின்றன.