கூட்டத்தைப் பார்த்து அழுத குண்டுக்கரிச்சான்

மருதங்குளத்தில் தண்ணீர் பாதியாக வற்றியிருந்தது. நல்ல கோடை. காட்டில் வேறு எங்கும் தண்ணீர் இல்லை. சாயங்காலம் ஆனால் எல்லா மிருகங்களும் அந்தக் கரைக்குத்தான் வந்தாக வேண்டும். குடித்து முடித்த பிறகு என்ன செய்வது? ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு கிடந்தன.

தளவாய் என்ற நரி இதைக் கவனித்தது. இத்தனை கண்கள் சும்மா கிடக்கின்றனவே! நரி விடுமா? குளக்கரைப் பாறையில் ஏறிக் கத்தியது.

"காட்டின் குரல்! மாபெரும் பாட்டுப் போட்டி! எல்லாமே நிஜம், எதுவுமே நடிப்பு இல்ல! ஜெயிக்கிறவங்களுக்கு மருத மரத்து உச்சிப் பொந்து!"

வேடிக்கை பார்க்க வருகிற ஒவ்வொருவரும் நண்டோ மீனோ கிழங்கோ பாறையடியில் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

உச்சிப் பொந்து என்றதும் பூவலிங்கத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பூவலிங்கம் ஒரு குண்டுக்கரிச்சான், நன்றாகப் பாடும் சிறு பறவை. அதன் மனைவி தங்கப்பேச்சி. போன கோடையில் இரண்டும் ஒரு தாழ்ந்த மரத்தில் கூடு வைத்தன. சாரைப்பாம்பு ஏறி வந்து மூன்று முட்டைகளையும் விழுங்கிவிட்டது. உச்சிப் பொந்து கிடைத்தால் பாம்பு ஏறாது. இந்த வருஷமாவது ஒரு குஞ்சைக் கண்ணால் பார்க்கலாம்.

முதல் நாள் பூவலிங்கம் பாடியது. சும்மா சொல்லக் கூடாது, குளமே அசையாமல் கேட்டது. ஆனால் பாட்டு முடிந்ததும் கூட்டம் கொட்டாவி விட்டது. நரி பூவலிங்கத்தைப் பாறைக்குப் பின்னால் கூப்பிட்டது.

"பாட்டு பிரமாதம் வே! ஆனா போதாது."

"பாட்டுப் போட்டிக்குப் பாட்டு போதாதா?"

"பாட்டை யாரு வே கேக்கா? கூட்டம் அழணும். உமக்கு என்ன சோகம் இருக்கு, சொல்லும்."

"போன வருஷம் மூணு முட்டைய பாம்பு தின்னுட்டு."

"மூணு முட்டைக்கு எந்த மாடு அழும்? சம்சாரத்தையும் சேத்துக்கும்!"

"சம்சாரம் உசுரோட இருக்காளே!"

"இருக்கட்டும். பாம்பு தின்னுட்டுன்னு சொல்லும்."

"ஐயையோ! காய்ச்சல்ல கிடந்தான்னு சொல்லுதேன்."

"காய்ச்சலா! உமக்கு எதிரா பாடுற தூக்கணாங்குருவிக்கு அப்பனும் இல்ல ஆத்தாளும் இல்ல. காய்ச்சலை வெச்சிக்கிட்டு அதை எப்படி வே அடிப்பீரு?"

"சரி, றெக்கை ஒடிஞ்சுட்டுன்னு..."

"செத்துட்டா! அதுக்குக் கீழ பேசாதயும்! முடியாதுன்னா சொல்லும், பொந்தைத் தூக்கணாங்குருவிக்குக் குடுத்துட்டுப் போறேன்!"

பேரம் படியாத இடத்தில் எழுந்து நடக்கத் தெரிய வேண்டும். பூவலிங்கத்துக்குத் தெரியவில்லை. பாவம், அதன் கண்ணெல்லாம் அந்தப் பொந்தில்தான் இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டது.

தங்கப்பேச்சி வாலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தது.

"நல்லா இருக்கே! கட்டின பொண்டாட்டிய ஊர் முன்னால கொன்னுட்டு வந்து இரை கேக்கீங்களா?"

"நாலே நாள், பேச்சி! பொந்து கைக்கு வந்ததும் நீ உசுரோட வந்துரலாம்."

"எப்படி வருவேன்? பாம்பு வயித்தைக் கிழிச்சிக்கிட்டா?"

திட்டித் தீர்த்தது. கடைசியில் பொந்தை நினைத்து அதுவும் இறங்கி வந்தது. யார் கண்ணிலும் படக்கூடாதே! பாறைக்குப் பின்னால் ஒரு பட்டுப்போன பனை மூடு, வெறும் அடிக்கட்டை, நின்றது. முழ உயரம்தான் இருக்கும். அதன் ஓட்டைக்குள் தங்கப்பேச்சி ஒளிந்துகொண்டது.

மறுநாள் பூவலிங்கம் பாடுவதற்கு முன் கதையைச் சொன்னது. "என் கண்ணு முன்னாலயே பாம்பு அவளைக் கவ்விச்சு..." என்று நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்து அழுதது.

"நில்லும் வே!" என்று நரி கத்தியது. "நடுவர் மயில் அந்தப் பக்கம் பாத்துட்டாரு. 'கவ்விச்சு'ங்கிற இடத்துலேர்ந்து மறுபடி சொல்லும்!"

மறுபடி சொன்னது. இப்போது நரி வாலைத் தூக்கிக் காட்டியது. மயில் பொலபொலவென்று அழுதது. கூட்டமும் அழுதது. முதல் தடவை அழுதவர்கள் இரண்டாம் தடவையும் அழுதார்கள்!

எல்லாரையும்விட அதிகமாக அழுதது ஆவுடை என்ற காட்டெருமை. போன மழைக்காலத்தில் அதன் கன்றைப் புலி அடித்துவிட்டது. அன்றைக்கு ஆவுடை அழவில்லை. உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கே அழுவது? அதற்குப் பிறகும் அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. பூவலிங்கத்தின் கதையைக் கேட்டதும் அது உடைந்து கொட்டியது. கதை பொய்தான். ஆனால் ஆவுடையின் கண்ணீரில் பொய் இல்லை. அன்றைக்குப் பிறகு தினமும் ஒரு வாய்ப் புல்லோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தது.

நரி சொன்னபடி நாலு நாளில் இறுதிச் சுற்று வந்திருக்க வேண்டும். பாறையடியில் நண்டு குவிகிறது, நரி முடிக்குமா? 'அரை இறுதி' என்றது. 'பாதி அரை இறுதி' என்றது. தோற்றுப்போன தவளையைத் திரும்பக் கூட்டி வந்து மறுபடி தோற்கடித்தது. மூன்று வாரம் ஓடிவிட்டது.

முட்டைக்கு இதெல்லாம் தெரியுமா? தங்கப்பேச்சி அந்தப் பனை மூட்டுக்குள்ளேயே முட்டை இட்டுவிட்டது. மூன்று முட்டை. முழ உயரத்தில்!

"இதுக்கா என்னைக் கொன்னீங்க?" என்று கேட்டது. பூவலிங்கம் போய்க் காவலுக்கு நின்றது.

ஒருவழியாக இறுதிச் சுற்று வந்தது. அன்று கரையில் கால் வைக்க இடம் இல்லை. பூவலிங்கம் கதையைச் சொல்லி, பாடி முடித்தது. மயில் அழுதது. அப்போது நரி முன்னால் வந்து நின்றது.

"நம்ம பூவலிங்கம் இனிமே தனியா கிடக்க வேண்டாம்! ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்! அக்கரையிலேர்ந்து பொண்ணு வந்திருக்கு! இப்பவே, இந்தப் பாறையிலேயே கல்யாணம்!"

புதருக்குள்ளிருந்து ஓர் இளம் கரிச்சான் வெட்கத்தோடு தத்தித் தத்தி வந்தது. "கட்டிக்கோ! கட்டிக்கோ!" என்று கூட்டம் கூவியது. பூவலிங்கம் இரண்டு தத்துப் பின்னால் போனது.

பனை மூட்டுக்குள் முட்டைமேல் உட்கார்ந்திருந்த தங்கப்பேச்சிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எவள் பொறுப்பாள்? முட்டையை மறந்து விருட்டென்று பறந்து வந்து பாறையில் விழுந்தது.

"எவடீ அவ! நான் இங்க முட்டையில உக்காந்திருக்கேன், இவருக்கு அங்க மாப்பிள்ளை வேஷமா?"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பொய் வெளிப்பட்டுவிட்டது, இனிமேல் உதைதான் என்று பூவலிங்கம் தலையைக் குனிந்தது. நரி அசரவில்லை.

"செத்தவ திரும்பி வந்துட்டா! காட்டின் குரல்ல மட்டும்தான் இப்படி நடக்கும்! குலவை போடுங்க!"

கூட்டம் குதித்தது. தரை அதிர்ந்தது. மயில் சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா என்று நரியின் வாலைப் பார்த்தது.

அந்த நேரத்தில்தான் பூவலிங்கம் திரும்பிப் பனை மூட்டைப் பார்த்தது. சாரைப்பாம்பு அரை உடம்பை ஓட்டைக்குள் விட்டிருந்தது.

"பாம்பு! முட்டை! ஐயோ, யாராவது வாங்க!"

கூட்டம் காலைத் தட்டியது. "ஆகா! முதல்ல சொன்னதைவிட இப்ப உருக்கமா இருக்கே!" என்றது மான். "அந்தக் குரல் நடுங்குது பாரு, அதான் தொழில்!" என்றது பன்றி. நரி வாலைத் தூக்கியது. மயில் அழுதது. பூவலிங்கமும் தங்கப்பேச்சியும் அலறிக்கொண்டு பாம்பைக் கொத்தப் பறந்தன. ஒருவரும் எழவில்லை.

ஆவுடை மட்டும் காலைத் தட்டவில்லை. இத்தனை நாளும் பூவலிங்கம் கூட்டத்தைப் பார்த்து அழுதது. இன்றைக்குக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அழுதது. புலி வந்த அன்றைக்கு ஓடியபோது ஆவுடையும் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"இது நிஜம்லே! வழி விடுங்கலே!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியது. பனை மூட்டின் பக்கத்தில் ஓங்கி ஒரு மிதி. பாம்பு தலையை உருவிக்கொண்டு முள்ளுக்குள் ஓடியது. இரண்டு முட்டை அதன் வயிற்றுக்குள் போயிருந்தது. ஒன்று மிஞ்சியது.

தங்கப்பேச்சி அந்த ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தது. 

"அத்தை, நான் சொன்ன கதை..." என்று ஆவுடையிடம் இழுத்தது பூவலிங்கம்.

"பொய்யி. இப்பத்தான் தெரிஞ்சுது."

"கோவம் இல்லையா?"

"இருக்கு. உன்னையும் சேத்து மிதிச்சிருக்கணும். மூணு வாரம் முன் வரிசையில உக்கார வெச்சு அழ விட்டியேலே!" ஆவுடை மூச்சு வாங்கியது. "ஆனா அந்தப் பொய்ய நீ சொல்லலேன்னா என் கன்னுக்கு நான் அழுதே இருக்க மாட்டேன். அதனால மிதிக்கல. போ, உம் பொண்டாட்டிகிட்ட போயி நில்லு."

நரி மூச்சிரைக்க ஓடி வந்தது. "வே பூவலிங்கம்! பொந்து உமக்குத்தான்! நாளைக்கு இந்த ஒத்த முட்டையைக் கூட்டத்துல காட்டுவோம், காடே அழும்!"

பூவலிங்கம் முதல் தடவையாகக் குரலை உயர்த்தியது. "முட்டையைத் தூக்கிக்கிட்டு நான் எப்படிய்யா மரம் ஏறுவேன்? உம்ம பொந்து மூணு வாரத்துக்கு முன்னால வேண்டியிருந்துச்சு, இப்ப எதுக்கு? எடுத்துக்கிட்டுப் போம்!"

நரி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்ப் பொந்தைத் தூக்கணாங்குருவிக்குக் கொடுத்தது. பொந்துக்குள் வாழத் தெரியாத அந்தக் குருவி அதை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்துக் கிளையில் கூடு கட்டியது. அடுத்த வாரமே ஆட்டப் போட்டி ஆரம்பமானது. கூட்டமும் அங்கே போனது. பகலெல்லாம் இரை தேடிக் களைத்தவர்கள் வேறு எங்கே போவார்கள்?

ஆவுடை மட்டும் போகவில்லை. பனை மூட்டைச் சுற்றிப் படுத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் அசை போட்டது. பதின்மூன்றாம் நாள் முட்டை பொரிந்து, இறகு முளைக்காத ஒரு குஞ்சு வாயைப் பிளந்தது. பூவலிங்கம் ஆவுடையின் கொம்பில் உட்கார்ந்து பாடியது. கேட்டவர்கள் இரண்டே பேர். அதிலும் ஆவுடை பாதி தூங்கிவிட்டது.

தன் அழுகையை ஊருக்கு வேடிக்கையாகக் காட்டிப் பழக்கியவன் நிஜமாக அழும் நாளில், ஊர் உதவிக்கு ஓடி வராது, உட்கார்ந்த இடத்திலிருந்து கை தட்டும்.