மூன்று நாய்களுக்கு ஒரே பயம்

நாய்க் காப்பகம் ஒன்றின் கணினிக்குள் 'நாய்' என்றோர் அச்சு இருந்தது. நிரல் எழுதப் பழகிக்கொண்டிருந்த வேதவல்லி செய்தது. பெயரைச் சொன்னால் போதும், அச்சு ஒரு நாயை வார்த்துத் தந்துவிடும். கூண்டில் இருக்கும் நாய் ஒவ்வொன்றுக்கும் கணினிக்குள் ஒரு நாய். சிங்கி, டாபர், பூச்சி மூன்றும் அப்படி வந்தவைதான்.

ஒருநாள் காலை, சிங்கி, தத்தெடுக்க வருபவர்கள் படிக்கும் தன் பயப் பட்டியலைப் பார்த்துத் திகைத்தது. 'பட்டாசு, குழந்தைகள்' என்றிருந்தது. இரண்டு நாளாக அந்தச் சொற்களைக் கேட்டாலே உடம்பு வெடவெடத்ததும் உண்மைதான். ஏனென்றுதான் தெரியவில்லை.

"எனக்கு எதுக்குடா குழந்தைங்களைக் கண்டு பயம்?" என்று டாபரிடம் புலம்பியது. "ரெண்டு பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்காரங்க என்னைக் கூட்டிட்டுப் போக வர்றாங்க. இதைப் படிச்சா வாசலோட திரும்பிருவாங்களே!"

"பட்டாசு என்னோடது. உன்கிட்ட எப்படி வந்துச்சு? திருட்டுக் கழுதை!"

"திருடுறதுக்கு வேற நல்ல பொருளே கிடைக்கலையா எனக்கு?"



வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. படபடப்பில் சிங்கி 'குழந்தைகள்' என்ற சொல்லை அழித்துவிட்டது.

"ஐயோ, என் பட்டியல்லயும் போயிருச்சே!" பூச்சி அலறியது. "பிள்ளைங்ககிட்ட கல்லடி பட்டவ நான். இனி என்னை அந்த மாதிரி வீட்டுக்கே அனுப்பிட்டா?"

சிங்கிக்குத் தலை சுற்றியது. அழித்தது தன்னுடையதை. காணாமல் போனது பூச்சியுடையது. இது என்ன கூத்து? வாசலைப் பார்த்தது. பூச்சியைப் பார்த்தது. பிறகு அந்தச் சொல்லைத் தானே மறுபடி எழுதி வைத்தது.

மூன்று பட்டியல்களிலும் ஒரே நொடியில் அது மறைந்து, ஒரே நொடியில் திரும்பியதைத் திரையில் பார்த்த வேதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மடச்சி! ஆளுக்கொரு பட்டியல் கொடுக்காம அச்சுக்குள்ளயே ஒண்ணை வச்சிருக்கேனே. மூணும் அதையேல்ல பாத்துக்கிட்டிருக்கு!"

பட்டியலைப் பிரித்துக் கொடுத்தாள். டாபருக்குப் பட்டாசு, பூச்சிக்குக் குழந்தைகள். சிங்கியுடையது வெறுமையாக இருந்தது. வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்கள்.

சிங்கிக்குக் குழப்பம் தீரவில்லை. "அம்மா," என்று அச்சிடம் கேட்டது, "அப்போ இந்த ரெண்டு நாளா நடுங்கினது?"

"பயம் அவங்களோடது," என்றது அச்சு. "நடுங்கினது நீதான்."