வாதசிம்மம் தோற்காத கடைசி வழக்கு

கருங்கரட்டுச் சீமையைப் பொம்மண்ண ராஜா ஆண்டபோது அங்கே சபாரத்தினம் என்று ஒரு வழக்காடி இருந்தார். நம் பேச்சில் சொன்னால் வக்கீல். ஆள் வருவதற்கு முன்னால் அவர் பெருமை வந்துவிடும். அதற்கென்றே சொந்தமாக ஒரு கட்டியக்காரனை வைத்திருந்தார்.

"வாதசிம்மம் வருகிறார்! முப்பத்திரண்டு வருஷம் வழக்காடி ஒன்றில்கூடத் தோற்காதவர் வருகிறார்! ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் வாதாடும் வள்ளல் வருகிறார்! ஊர்க் குளத்தைக் காத்து நிற்கும் கருணைக்கடல் வருகிறார்!"

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவருடைய தொந்தி வாசலில் தெரியும்.

ராஜாவுக்கு ஓலை எழுதும் ராயசம் எல்லப்பனுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. அன்றைக்கோ வயிறும் எரிந்தது. பழைய நியாயாதிபதி காசிக்குப் போய்விட்டார். அந்தப் பதவியைச் சபாரத்தினத்துக்கே கொடுப்பதென்று ராஜா முடிவு செய்துவிட்டார். நியாயாதிபதி மோதிரம் தட்டில் தயாராக இருந்தது.

சபை ஓரத்தில் குயவர் தெரு சீனியம்மா கண் கலங்கி நின்றாள். பானைக்கு அவள் மண் எடுப்பது அந்த ஊர்க் குளத்தில்தான். சபாரத்தினம் குளத்தைக் காத்த அழகு என்ன தெரியுமா? சுற்றிலும் முள்வேலி, வேலியில் ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு! உள்ளேயிருந்து அவருடைய வாழைத் தோட்டத்துக்கு மட்டும் ஜம்மென்று ஒரு வாய்க்கால். இரண்டு மாதமாகச் சீனியம்மாவின் சூளையில் நெருப்பில்லை. அவளுக்காக வழக்காட ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. இனி மோதிரம் அவர் விரலில் ஏறிவிட்டால் அவர்மேல் வரும் வழக்கையும் அவரே விசாரிப்பார். கூத்தைப் பாருங்கள்!

எல்லப்பன் யோசித்தான். நேரே ராஜாவிடம் சொல்லலாம். சொன்னால், சிம்மம் ஒரே கர்ஜனையில் அதைப் பொய்யாக்கிவிடும். அதனால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எழுந்தான்.

"மகாராஜா, பதவி கொடுக்கும் ஓலையில் ஐயாவின் பெருமைகளையும் எழுத வேண்டும். ஒரு தடவை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டுமா?"

"கேள், கேள்" என்றார் ராஜா.

"ஐயா, நீங்கள் இதுவரை தோற்றதே இல்லையாமே?"

"தோல்வி என்ற சொல்லே எனக்குத் தெரியாது!"

"ஏழைக்குக் கூலி வாங்காமல் வாதாடுவீர்களாமே?"

"யார் வந்து கேட்டாலும்!"

"எதிரி பெரிய மனிதராக இருந்தால்?"

"எவனாக இருந்தால் என்ன? கிழித்துத் தோரணம் கட்டிவிடுவேன்!"

"ஆகா! இது போதும்" என்ற எல்லப்பன் திரும்பினான். "வாம்மா சீனியம்மா, இப்படி வா. உனக்கு வழக்காட ஆள் இல்லையென்று அழுதாயே. இதோ வள்ளலே கிடைத்துவிட்டார்."

சீனியம்மா கும்பிட்டாள். "சாமி, ஊர்க் கொளத்தை வேலி போட்டு அடைச்சுட்டாரு. மண்ணு எடுக்க விடமாட்டேங்கறாரு."

"யாரம்மா அடைத்தது?" என்று ராஜா கேட்டார்.

சீனியம்மா விரலை நீட்டினாள். "இவருதான்!"

சபாரத்தினத்துக்கு முகம் செத்துவிட்டது. "மகாராஜா, இது என்ன விளையாட்டு? என்மீதே நான் எப்படி...?"

"எவனாக இருந்தால் என்ன என்று இப்போதுதானே சொன்னீர்? ஆரம்பியும்" என்று ராஜா கறாராகச் சொல்லிவிட்டார்.

சபாரத்தினம் கனைத்தார். "குளத்தைச் சுற்றி... ஒரு வேலி... இருக்கலாம். அதனால் பெரிய குறை..." என்று இழுத்தார்.

எல்லப்பன் எழுத்தாணியைக் கையில் எடுத்தான். "மகாராஜா, இந்த வழக்கு தேறாது போலிருக்கிறது. 'வாதசிம்மத்தின் முதல் தோல்வி' என்று எழுதிவிடட்டுமா?"

"தோல்வியா? எனக்கா?"

அவ்வளவுதான்! மனிதர் மேல்துண்டை இடுப்பில் இறுக்கினார். கண் சிவந்தது. எதிரி யார் என்பதே மறந்துவிட்டது.

"மகாராஜா! ஊர்ச் சொத்துக்கு வேலி எதற்கு? காவலுக்கு என்பான் எதிரி. நம்பாதீர்கள்! காவல் என்றால் தண்ணீர் ஏன் அவன் வாழைக்கு மட்டும் பாய்கிறது? ஊருக்கு ஒரு கலயம் உண்டா? இந்தத் தாயின் சூளை அணைந்து கிடக்கிறதே, அவன் மனம் கல்லா? சரி, காவலென்றே வைத்துக்கொள்வோம். சாவி ஊராரிடம் அல்லவா இருக்க வேண்டும்? எங்கே இருக்கிறது அந்தச் சாவி?"

சட்டென்று தன் மடியில் கைவிட்டு எடுத்து உயரே தூக்கிக் காட்டினார்.

"இதோ! எதிரியின் மடியில்! இப்படிப்பட்டவனை இந்தச் சபை வாசலில்கூட நிறுத்தக் கூடாது!"

சபை அதிரக் கைதட்டியது. சீனியம்மாவும் தன்னை மறந்து தட்டினாள்.

"பலே! ஜெயித்துவிட்டீர்!" என்றார் ராஜா.

சபாரத்தினம் பெருமையோடு நாலு பக்கமும் கும்பிட்டார். மூன்றாவது பக்கம் கும்பிடும்போதுதான் கூப்பிய கைக்குள் சாவி இருப்பது தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாவியை வாங்கிச் சீனியம்மாவிடம் கொடுத்தார். "முதலில் வேலியைப் பிடுங்குங்கள். இவரைச் சபை வாசலில்கூட நிறுத்தக் கூடாது என்பது இவருடைய வாதம். அதையும் ஒப்புக்கொண்டோம்" என்று மோதிரத் தட்டைத் தள்ளி வைத்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி எல்லப்பனுக்குப் போட்டார்.

சபாரத்தினம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பாவம், கட்டியக்காரனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. போகிறவருக்கும் கட்டியம் கூறுவது அவன் வேலை. எல்லப்பனிடம் ஓடி வந்து காதோடு கேட்டான்.

"அண்ணே, இப்போ நான் என்னத்தைச் சொல்றது? எதை விடறது?"

"ஒன்றையும் விடாதேடா" என்றான் எல்லப்பன். "தோற்காதவர், ஏழைக்குக் கூலி வாங்காமல் வாதாடியவர், ஊர்க் குளத்தைக் காத்தவர். தொண்டை கிழியக் கத்து. இன்றைக்கு ஒரு நாள்தான் அத்தனையும் நிஜம்!"